மலிவு டர்போவும் உடைந்த முசலமும்

இவ்வாண்டு மலருக்கும் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல் ஒற்றுப்பிழைகள் பற்றியோ எமது ஊர்ப்பெயர்கள் பற்றியோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள். வகுப்பறை அலுமாரியின் மேற்தட்டிலே, சோக்குப் பெட்டிகளுக்கும் பழைய கொப்பிகளுக்கும் நடுவே துணியில் சுற்றி வைத்திருந்த ஓர் உடைந்த அலுமினியத் துண்டை அவர்கள் கண்டெடுத்துவிட்டார்கள். "சேர், இது என்ன?" என்று கேட்டார்கள். "முசலம்" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது.

இலங்கையில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்ற பெற்றோருக்கு இச்சொல் புதிதன்று. மோட்டார் எஞ்சினின் உருளைக்குள் மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டனுக்குப் பாடநூல்கள் தந்த பெயர் முசலம். முசலம் என்றால் உலக்கை. பெயரிட்டவர் உரலையும் உலக்கையையும் நன்றாகப் பார்த்தவராக இருக்கவேண்டும். எசனிலே பிறந்த பிள்ளைகளுக்கு உலக்கையைக் காட்ட எமக்கு வழியில்லை. ஆகவே முசலத்தைக் காட்டி உலக்கையை விளக்கவேண்டிய நிலை. அது இருக்கட்டும். அந்த முசலம் எவ்வாறு உடைந்தது, அது ஏன் தமிழ்ப் பாடசாலை அலுமாரிக்கு வந்து சேர்ந்தது என்பதை மாணவர்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று என்று பட்டது. அதிலே எமது பங்கும் உண்டு. சம்பந்தப்பட்ட இளைஞனிடமும் அவனுடைய தந்தையாரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறோம். பெயர்கள் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம்.

எம்மைச் சனிக்கிழமைகளில் மட்டும் காண்பவர்கள் தமிழாசிரியர் என்றே அறிவர். ஏனைய நாட்களில் எமது தொழில் மோட்டார் திருத்துதல். அத்தொழிலைக் கொக்குவிலிலே எமது சித்தப்பாவின் கராஜில் பழகினோம். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. ஒரு போத்தல் பெற்றோலுக்கு மனிதர் படாத பாடு பட்ட காலம் அது. அப்போது எமது ஊரின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது வழக்கம். வீதி முழுவதும் வெண்புகை. உடுப்பெல்லாம் விளக்குத்திரி மணம். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. சற்றுப் பிந்திய காலத்து யப்பான் கார்களோ இரண்டு மைல் ஓடுவதற்குள் "டக், டக்" என்று உள்ளே தட்டத் தொடங்கிவிடும். யாரோ சிறு சுத்தியலால் எஞ்சினுக்குள் இருந்து தட்டுவது போன்ற ஓசை.

"அந்தச் சத்தம் கேட்டால் காலை எடு. அது எஞ்சின் அழுகிற சத்தம்" என்பார் சித்தப்பா. காரணத்தை அவர் விளக்கியதில்லை. இங்கு வந்து தொழிற்கல்வி பயின்றபோதுதான் எமக்கு விளங்கிற்று. உருளைக்குள் புகும் காற்றும் எரிபொருளும் முசலத்தால் நெருக்கப்படுகின்றன. எத்தனை மடங்கு நெருக்கப்படுகின்றன என்பதே நெருக்கல் விகிதம். பழைய ஏ-40 காருக்கு அது ஏறத்தாழ 7 மடங்கு. பின்வந்த எஞ்சின்களுக்கு 9, 10 என்று உயர்ந்தது. நெருக்கினால் சூடேறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எவரும் அறிவர். பிளக் பொறி தட்டியதும் தீ ஒழுங்காகப் பரவவேண்டும். ஆனால் அளவுக்கு மீறிச் சூடும் அமுக்கமும் ஏறினால், தீ வந்து சேர்வதற்கு முன்னரே மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாக ஒரே கணத்தில் வெடித்துவிடும். அந்த வெடிப்பின் அதிர்ச்சி அலை உலோகத்தில் மோதுவதே நாம் கேட்ட "டக், டக்". மண்ணெண்ணெய் எளிதில் தானாகப் பற்றும் இயல்பினது. நெருக்கல் குறைந்த கிழட்டு எஞ்சின் தப்பியதும், நெருக்கல் கூடிய புது எஞ்சின் அழுததும் இதனாலேயே.

1996 ஆம் ஆண்டு எசனுக்கு வந்து சேர்ந்தபோது, "ஏ-40 இல் வா" என்று ஒருவர் தொலைபேசியிற் சொன்னார். யாருடைய காரைச் சொல்கிறார் என்று நீண்ட நேரம் யோசித்தோம். இங்கு அது நெடுஞ்சாலையின் பெயர். அந்த ஏ-40 இலேதான் இக்கதையின் முடிவும் நிகழ்ந்தது.

அந்த இளைஞன் எமது பாடசாலையின் பழைய மாணவன். சிறுவயதில் திருக்குறள் போட்டியிற் பரிசு பெற்றவன். சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய காரை வாங்கினான். 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின், டர்போ இல்லாதது. இங்கு எம்மவர் பலரும் செய்வதுபோல் கார் தந்தையின் பெயரிலேயே பதிவாயிற்று. இளம் சாரதியின் பெயரிற் காப்புறுதி எடுத்தால் கட்டணம் மிக அதிகம். தந்தையின் இரண்டாவது வாகனமாகப் பதிந்தால் குறையும். சட்டப்படி செய்யக்கூடியதே, மகன் ஓட்டுகிறான் என்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டால் போதும். தந்தையார் இரவு வேலை செய்பவர். இந்நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் வாகனம் ஓட்டி, பிளென்ஸ்பூர்க் பதிவேட்டில் ஒரு புள்ளிகூட விழாதவர். அதனை அவர் பட்டம் பெற்றதுபோற் சொல்லி மகிழ்வார்.

2017 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எசன் கண்காட்சி மண்டபங்களில் நடந்த மோட்டார் கண்காட்சிக்கு அவன் நண்பர்களுடன் சென்றான். 1968 இல் தொடங்கிய அக்கண்காட்சி எமது நகரின் பெயரை உலகுக்கு அறிவித்த விடயங்களுள் ஒன்று. காரை மெருகேற்றுவோர், வேகம் கூட்டுவோர் யாவரும் அங்கு கூடுவர். அயல் நகரான பொட்றொப்பில் 1977 இல் தொடங்கப்பட்ட பிராபுஸ் நிறுவனத்தின் கார்களைப் பார்த்துவிட்டு வந்தவன், இரண்டு கிழமைகளுக்குக் கனவிலேயே இருந்தான். அதே கண்காட்சியில் பொலிஸ் நிறம் பூசிய, முறைப்படி மாற்றியமைக்கப்பட்ட காரொன்றையும் வைப்பது வழக்கம். "மாற்று, ஆனால் பாதுகாப்பாக மாற்று" என்ற கருத்தில் 2005 இல் ஆரம்பித்த இயக்கம் அது. அந்தக் காரின் முன் நின்று அவன் படமும் எடுத்திருந்தான். பக்கத்தில் இருந்த அறிவித்தலை வாசிக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு பெட்டியுடன் எம்மிடம் வந்தான். இணையத்தில் முந்நூற்றுச் சொச்ச யூரோவுக்கு வாங்கிய டர்போ கிட். "மாமா, ஒருக்கால் பாருங்கோ. எல்லாம் உள்ளுக்க இருக்கு" என்றான். திறந்து பார்த்தோம். டர்போ ஒன்று, மனிபோல்ட் ஒன்று, சில றப்பர்க் குழாய்கள், காற்றைக் குளிர்விக்கும் ஒரு பெட்டி, ஒரு பை நிறைய நட்டும் போல்ட்டும். பார்வைக்கு எல்லாமே பளபளவென்று இருந்தன. வார்ப்பை விரலால் தடவியபோது மணல் ஒட்டியிருப்பது தெரிந்தது. டர்போவின் தண்டை ஆட்டினோம். இருக்கக்கூடாத ஆட்டம் இருந்தது.

டர்போவின் தத்துவம் அழகானது என்பதில் ஐயமில்லை. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் கழிவுவாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிறெட் பூஹி 1905 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எண்ணம் வந்த அன்றே எஞ்சின் வந்துவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்து, 1925 இல்தான் அவருக்கு உருப்படியான வெற்றி கிட்டியது. அந்தச் சிறு தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் தடவைக்கு மேலும் சுழலக்கூடியது. அதாவது நாம் ஒரு சொல்லை உச்சரிப்பதற்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று. பெற்றோல் எஞ்சினில் அதனைச் சுழற்றும் வாயுவின் வெப்பம் 900 பாகை செல்சியஸைத் தாண்டும். மனிபோல்ட் செந்தணலாகச் சிவந்திருக்கும். அதன் பக்கத்திலேயே, ஒரு விரல் நீளத் தூரத்தில், தண்டைத் தாங்கும் எண்ணெய் ஓடுகிறது. ஆகவே, சமநிலை பார்த்து, உலோகம் பார்த்து, அடைப்புகள் பார்த்துச் செய்யவேண்டிய பொருள் அது. முந்நூறு யூரோவுக்கு அதனைக் கப்பலேற்றி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருபவர் எதைப் பார்க்காமல் விட்டார் என்று வாங்குபவர் கேட்கவேண்டும்.

"இப்ப வாற கார் எல்லாம் டர்போதானே மாமா" என்று அவன் வாதாடினான். உண்மைதான். ஆனால் அந்தக் கார்களின் எஞ்சின் தொடக்கத்திலிருந்தே டர்போவுக்கென்று வடிவமைக்கப்பட்டது. முசலத்தின் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பீச்சிக் குளிர்விப்பார்கள். ரிங் பதியும் இடத்தைத் தடிப்பாக வார்ப்பார்கள். எரிபொருள் தெளிக்கும் ஊசிகள் பெரியவை. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல், எக்கணத்தில் பொறி என்பவற்றை மாதக்கணக்கிற் சோதித்துக் கணினியிற் பதிவார்கள். இவற்றுள் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் வரவில்லை. பெட்டிக்குள் வந்தது காற்று மட்டுமே.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 1.6 லீற்றர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.6 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 2400 லீற்றர். டர்போ அரைப் பங்கு அமுக்கத்தைக் கூட்டினால், அதே இடத்துக்குள் ஏறத்தாழ 3600 லீற்றர் காற்று திணிக்கப்படுகிறது. ஒரு கிலோ பெற்றோல் ஒழுங்காக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று ஒன்றரை மடங்கானால் பெற்றோலும் ஒன்றரை மடங்காகவேண்டும். பழைய ஊசிகளால் அவ்வளவு தெளிக்க முடியாது. பெற்றோல் குறைந்த கலவை அதிகச் சூடாக எரியும். சூடு கூடினால்? சித்தப்பாவின் "டக், டக்" வந்துவிடும். உள்ளே இருக்கும் தட்டல் உணரி அதனைக் கேட்டுப் பொறியைப் பின்தள்ளிப் பார்க்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பெரிய நிறுவனங்களே இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. 1962 இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெற்பயர் என்னும் டர்போக் காரை வெளியிட்டது. நெருக்கல் விகிதத்தைக் குறைக்காமல் 10.25 இலேயே வைத்துக்கொண்டு, தட்டல் வராதிருக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் பீச்சினார்கள். வாங்கியவர்களோ அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். ஈற்றில் பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றவேண்டியதாயிற்று. 1973 இல் பிராங்பேர்ட்டில் பி.எம்.டபிள்யூ 2002 டர்போவை அறிமுகப்படுத்தியபோது, அதன் பொறியியலாளர்கள் வேறு வழி சென்றனர். டர்போ இல்லாத உடன்பிறப்பில் 9.5 ஆக இருந்த நெருக்கல் விகிதத்தை 6.9 ஆகக் குறைத்தார்கள். எமது கொக்குவில் ஏ-40 இன் அளவுக்கு! அதனோடு எரிபொருள் பீச்சும் முறையையும் பிறேக்கையும் மாற்றி, 130 குதிரைவலுவை 170 ஆக்கினார்கள். எண்ணெய் நெருக்கடி வந்து சேர, 1672 கார்களோடு அது நின்றுபோனது வேறு கதை. நாற்பது குதிரைவலுவுக்காக அவ்வளவும் செய்யவேண்டியிருந்தது என்பதே இங்கு எமக்கு வேண்டியது.

இவற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னோம். பாதியைச் சொன்னோம் என்பதே சரி. மீதியைச் சொல்லவிடாமல் எம்மைத் தடுத்தது எமது கைதான். எஞ்சினைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. "பூட்டாதே" என்று சொன்ன நாமே, அடுத்த சனிக்கிழமை மாலை அவனுடைய நண்பனின் கொட்டகைக்குப் போனோம். மனிபோல்ட்டின் நட்டுகளை அவன் கோணலாக ஏற்றியிருந்தான். அப்படியே விட்டால் காஸ்கட் ஊதிவிடும் என்று, எமது முறுக்குச் சாவியை எடுத்து நாமே சரியாக முறுக்கிக் கொடுத்தோம். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பிச் சம்புக்கு வழியும் குழாய் வெறும் றப்பராக இருப்பதைக் கண்டோம். "இதை மாற்று, எஃகு வலை சுற்றியது போடு" என்றோம். போடுகிறேன் என்றான்.

பிறகு மூவருமாக ஒரு சுற்று ஓடிப் பார்த்தோம். இரண்டாம் கியரில் கார் பாய்ந்த பாய்ச்சலுக்கு நாமும் சிரித்தோம், மறைப்பானேன். மூன்றாம் கியரில், ஒரு சிறிய ஏற்றத்தில், அந்த ஓசை கேட்டது. மெல்லியதாக, வானொலிச் சத்தத்துக்குக் கீழே: டக், டக். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கேட்டாலும் மறக்கக்கூடிய ஓசையன்று. "காலை எடு" என்றோம். எடுத்தான். "இப்படியே ஓட்டக்கூடாது, கழற்று" என்றோம். அடுத்த மாதம் நல்ல ஊசிகள் வாங்கிப் போடுவதாகவும் அதுவரை மெதுவாக ஓட்டுவதாகவும் சொன்னான். நாம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்றிரவே தந்தையாருக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. "மாமா காட்டிக் கொடுத்துவிட்டார்" என்று பையன் நினைப்பான் என்பது ஒரு காரணம். நாமும் சாவி பிடித்தோம் என்பது மறு காரணம்.

2018 ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எமது பாடசாலை தொடங்க அரைமணி இருந்தது. தந்தையார் இரவு வேலை முடிந்து உறங்கிக்கொண்டிருந்ததால், தங்கையையும் சிற்றப்பாவின் மகனையும் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுவந்து விடும் பொறுப்பு அவனுக்கு. முல்கைமிலிருந்து ஏ-40 இல் எசன் நோக்கி வந்தார்கள். அந்தப் பாதையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். நடுவே யூ-18 ரயில் ஓடும். ஒதுங்கி நிற்க இடம் மிகக் குறைவு. நகர்மையத்தை அண்மித்ததும் சுரங்கப்பாதை. பிரோன்ஹவுசன் வெளிவாயிலைத் தாண்டியதும் பின்னாலே நீலப்புகை எழுந்திருக்கிறது. அவன் கண்ணாடியிற் பார்ப்பதற்குள் முன்மூடியின் இடுக்கிலிருந்தும் புகை. எண்ணெய் விளக்கு எரிந்தது. வெளியேறும் வரை ஓட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தானாம். தங்கை "அண்ணா, நிப்பாட்டு" என்று கத்தினாள். நிறுத்தினான். பிள்ளைகளை வலப்பக்கக் கதவால் இறக்கித் தடுப்பு வேலிக்கு அப்பால் ஏற்றினான். அதற்குள் முன்மூடிக்கு அடியில் தீ தெரிந்தது. பின்னால் வந்த பாரவண்டிச் சாரதி ஒருவர், எந்நாட்டவரோ தெரியாது, தன் தீயணைப்புக் குப்பியுடன் ஓடிவந்து அணைத்தார். தீயணைப்புப் படை வந்தபோது வெண்தூளும் புகையும் மாத்திரமே எஞ்சியிருந்தன. எவருக்கும் காயமில்லை. இன்னும் சில நிமிடம் ஓடியிருந்தால் அவர்கள் சுரங்கத்துக்குள் இருந்திருப்பார்கள். இதற்கு மேல் அதனைப் பற்றி எழுத எமக்கு விருப்பமில்லை.

அந்த எஞ்சினைப் பிறகு நாமே திறந்தோம். எது எதனால் வந்தது என்று தெரிந்தாகவேண்டும் என்ற எண்ணம். தீ எண்ணெய்க் குழாயில் தொடங்கியது என்பது பார்த்த உடனே விளங்கியது. அதே றப்பர்க் குழாய், அவன் மாற்றவேயில்லை. ஆனால் அது ஏன் அன்று கழன்றது? ஹெட்டைக் கழற்றியபோது விடை கிடைத்தது. மூன்றாம் உருளையின் முசலத்தில், இரண்டு ரிங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய விளிம்பு துண்டாக உடைந்திருந்தது. தட்டல் செய்யும் வேலை அது. நாட்கணக்காகத் தட்டித் தட்டி ஒருநாள் உடைத்துவிடும். விளிம்பு உடைந்ததும் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே சம்புக்குள் புகுந்தது. சம்புக்குள் அமுக்கம் ஏறவே, டர்போவிலிருந்து தன் பாரத்தால் வழிந்து இறங்கவேண்டிய எண்ணெய் இறங்க முடியாமல் தேங்கியது. தேங்கிய எண்ணெய் ஒரு பக்கம் அடைப்பைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போய் நீலப்புகையாயிற்று; மறுபக்கம் சூட்டில் இளகியிருந்த றப்பரைப் பிடுங்கிக்கொண்டு, செந்தணலாயிருந்த மனிபோல்ட்டின் மேல் கொட்டியது. நாம் முறுக்கிய நட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அதிலே எமக்கு ஆறுதல் ஏதும் பிறக்கவில்லை.

கடிதம் மூன்று கிழமைகளுக்குப் பின் வந்தது. மகனுக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. தந்தையார் தம் கடிதத்தை எம்மிடம் கொண்டுவந்தார். மகனிடம் வாசிக்கக் கொடுக்க அவருக்கு மனமில்லை. "என்ர பேருக்கு ஏன் வந்தது?" என்பதே அவருடைய ஒரே கேள்வி. கார் அவருடைய பெயரில் இருந்ததால் வந்தது. ஜேர்மனியில் ஒரு கார் வீதியில் ஓடுவதற்கு வழங்கப்படும் அனுமதி, அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அமைப்புக்கு உரியது. ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றத்தையோ, புகையையும் ஓசையையும் மோசமாக்கும் மாற்றத்தையோ செய்தால் அவ்வனுமதி அற்றுப்போகும். வாகனப் பதிவுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ பூட்டினால் பரிசோதகரிடம் கொண்டுசென்று, புகை, ஓசை, பிறேக் யாவற்றையும் நிரூபித்துப் பத்திரத்தில் எழுதுவிக்கவேண்டும். அதற்கான செலவு அந்தக் காரின் விலையிலும் கூடுதலாக வந்திருக்கும். அனுமதியற்ற காரை ஓட்டியவருக்கு மட்டுமன்றி, ஓட விட்ட உரிமையாளருக்கும் தண்டமும் புள்ளியும் உண்டு. தமக்குத் தெரியாது என்று அவர் எழுதினார்; அக்கடிதத்தை ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தது நாம். உண்மையைத்தான் எழுதினோம். அவருக்குத் தெரியாதிருந்ததன் காரணம் யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

பெற்றோர் அறியவேண்டிய இன்னொன்றையும் அன்று அவருக்கு விளக்கினோம். இப்படியான காரால் வேறொருவருக்குச் சேதம் நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தேயாகும். ஆனால் மாற்றத்தால் ஆபத்து கூடியது என்று கண்டால், காப்புறுதியை எடுத்தவரிடமிருந்து 5000 யூரோ வரை திருப்பிக் கேட்க அதற்கு உரிமை உண்டு. வாகனத்தை ஓட்டியவரிடமும் தனியாக அவ்வளவு கேட்கலாம். தன் காரின் சேதத்துக்கான காப்புறுதியும் குறையலாம், இல்லாமலும் போகலாம். அவர் கணக்குப் பார்த்தார். எத்தனை இரவுகள் என்று கணக்குப் பார்த்தார் என்பது அவர் விரல் மடித்ததில் தெரிந்தது.

பரிசோதகர்களை எம்மவர் பணம் பிடுங்குவோர் என்று ஏசுவதுண்டு. நாமும் ஏசியிருக்கிறோம். இரண்டாண்டுக்கு ஒருமுறை டியூஃப் பரிசோதனை வரும்போது எந்த வீட்டிலும் ஒரு முணுமுணுப்பு. ஆனால் அந்த நிறுவனம் பிறந்த கதை அமுக்கத்தின் கதையே. 1865 இல் மன்கைம் நகரில் ஒரு மதுவடிசாலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே கொதிகலன் உரிமையாளர்கள் தாமாகக் கூடி, தமது கொதிகலன்களை நிபுணர் பார்ப்பது என்று சங்கம் அமைத்தார்கள். அவ்வாறான சங்கங்களின் வழிவந்ததே இன்றைய டியூஃப். அவற்றுள் ஒன்று நெடுங்காலம் எமது எசன் நகரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. ஆராய்ச்சியாளருக்கும் இதே பாடம்தான். எசன் குறுப் நிறுவனமும் பணம் கொடுத்து உதவ, ருடோல்ப் டீசல் ஆக்ஸ்பூர்க்கில் தன் முதல் எஞ்சினை 1893 ஆகஸ்டில் இயக்கிப் பார்த்தபோது, உள்ளமுக்கத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அவர் மயிரிழையிற் தப்பினார். அதன்பின் ஒழுங்காக ஓடும் எஞ்சினைக் காட்ட 1897 வரை சென்றது. உருளையின் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு நான்கு ஆண்டுகள். எமது பையனுக்கு ஒரு சனிக்கிழமை மாலை.

எழுத்தில் வந்த முடிவு எதிர்பார்த்ததிலும் மென்மையாக இருந்தது. தந்தையார் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. அவருடைய பதிவு இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. மகன் தண்டம் கட்டினான். கார் இரும்புக்குப் போயிற்று. அவர் மகனுடன் நெடுநாள் பேசவில்லை. எம்முடன் பேசினார். அதுவே எமக்குக் கடினமாக இருந்தது. தீபாவளியன்று அவருடைய வீட்டுக்குச் சென்று, நட்டு முறுக்கியதையும் ஓசை கேட்டதையும் சொல்லிவிட்டோம். அவர் சிறிது நேரம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் சொல்லியிருந்தால் நான் திறப்பை வாங்கி வைச்சிருப்பன், மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். பிறகு பலகாரம் எடுத்து வைத்தார்.

முசலத்தைக் கழுவி, துணியிற் சுற்றிப் பாடசாலைக்குக் கொண்டுவந்தவன் அந்த இளைஞன். இப்போது அவன் வாகனத் தொழிற்பயிற்சியை முடித்து, ஒரு திருத்துமிடத்தில் வேலை செய்கிறான். உடைந்த விளிம்பின் மேல் விரலை வைத்துத் தன் தங்கையின் வகுப்புக்கு அவன் விளக்கியபோது, பின்வாங்கில் நாம் அமர்ந்திருந்தோம். "ரிங்" என்பதற்குத் தமிழில் என்ன என்று ஒரு சிறுமி கேட்டாள். அவன் எம்மைப் பார்த்தான். வளையம் என்றோம். முசல வளையம் என்று பலகையில் எழுதினான்; ளகரத்தை மட்டும் லகரமாக எழுதிவிட்டான். தங்கை எழுந்து வந்து திருத்தினாள்.